கடைசித் தண்ணீர்க் குழியில் அக்கா

எங்கள் அக்கா மாதாவின் மடியில் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்குச் சொந்தங்களை அழைக்கும் கடிதத்தை, "படிச்சவன் நீ ஒருத்தன்தான இருக்க, நீயே எழுது" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை நடுவில் விடாமல் கல்லூரி வரைக்கும் போனவன் நான் மட்டும்தான். போக வைத்தவர் அக்கா.

எழுத உட்கார்ந்ததும் ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. துக்கத்துக்கு வந்தவர்கள்கூட கண்ணைத் துடைத்துவிட்டு மெல்ல என் காதில் கேட்ட கேள்வி. "தம்பி, அன்னைக்கி அந்தக் கடைசித் தண்ணிக் குழியில நெசமாவே என்னதாம்டே நடந்திச்சு?"

அக்கா ஒலிம்பிக்கில் ஓடியவர். இறுதிச் சுற்றுக்குப் போக வேண்டியவர், அந்தக் குழியில் இரண்டு பேருக்குப் பின்னால் போய்விட்டார். அவர் வழுக்கி விழுந்தாரா, அல்லது நின்று சிலுவை போட்டாரா என்பதுதான் கேள்வி. எனக்கும் அது பல வருடங்களாகத் தெரியாமல்தான் இருந்தது. முதலிலிருந்து சொன்னால்தான் இது புரியும்.

அக்கா பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில் உள்ள திரேஸ்புரத்தில், கடலில் முங்கிச் சங்கு குளிக்கும் அப்பாவுக்கும் மீன் விற்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாக. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அம்மாவோடு சந்தைக்குப் போனார். தலையில் மீன் கூடையை வைத்துக்கொண்டு சந்தைக்கு ஓடி ஓடித்தான் அக்காவுக்குக் கால் உரமேறியது என்று பத்திரிகையில் எழுதினார்கள். நான் அதை வாசித்துக் காட்டினபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, கூடைய வச்சிக்கிட்டு எவளாது ஓடுவாளா? மீன் பூரா ரோட்டுலல்லா கெடக்கும்!"

நடந்தது வேறு. ஊர்த் திருவிழாவில் பெண்களுக்கான ஓட்டப் போட்டிக்கு முதல் பரிசாக எவர்சில்வர் குடம் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் குடம் ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிக் குடத்தை வாங்கி வந்தார். அவ்வளவுதான். அந்தத் திருவிழாவுக்கு எங்கள் மாவட்டத்து நாசரேத்திலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் ஜெபராஜ் சார் வந்திருந்தார். நண்பர் வீட்டில் மீன் சாப்பாட்டுக்காகத்தான் வந்ததாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க மக கால எனக்குக் குடுங்க" என்று அவர் கேட்டதும் அம்மா, "காலு மட்டும் போனா மீதிய நான் என்ன செய்ய?" என்று திருப்பிக் கேட்டதாக அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

சார் அக்காவை முதலில் சாதாரண ஓட்டத்துக்குத்தான் பழக்கினார். பிறகு ஸ்டீபிள்சேஸ் என்னும் தடை ஓட்டத்துக்கு மாற்றினார். பெண்களில் அதை ஓட ஆள் குறைவு, சீக்கிரம் மேலே போகலாம் என்று கணக்குப் போட்டார். அது மூவாயிரம் மீட்டர் ஓட்டம். வழியெல்லாம் கனமான மரத்தடைகள் நிற்கும். காலில் இடித்தால் தடை விழாது, நாம்தான் விழுவோம். ஒரு தடைக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் நிரம்பிய குழி இருக்கும். தடையின் மேல் ஒரு காலை ஊன்றித் தாவி, குழியின் ஓரத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும் இடத்தில் இறங்கி, நிற்காமல் ஓட வேண்டும். ஓட்டம் முடிவதற்குள் ஏழு முறை அந்தக் குழி வரும்.

இங்கே பழகிய மைதானத்தில் குழி இருந்தது, தண்ணீர் இல்லை. மணலைப் போட்டுத்தான் பழகினார்கள். அதனால் வரப்போவது சாருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் புரிந்திருக்காது. அவர் நாசரேத்துக்காரர்; கடலும் இல்லாத, சிலுவை போடும் பழக்கமும் இல்லாத ஊர்.

எங்கள் கரையில் கடல் தண்ணீரில் கால் வைக்கிற யாரும் முதலில் குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இது படித்து வருவதில்லை. நடக்கப் பழகும்போதே கைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் இது கொஞ்சம் கூடுதல். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, புன்னைக்காயலில் கடலுக்குப் போய்த் திரும்பாமலே போனவர். அன்றைக்கு அவசரத்தில் சிலுவை போடாமல் மீன்பிடி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினார் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் கரைக்குப் போய் யார் திரும்பி வந்தாலும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "சிலுவ போட்டியா?" என்பதுதான்.

அக்கா முதன்முதலாகத் தண்ணீர் உள்ள குழியைப் பார்த்தது சென்னையில், மாநிலப் போட்டியில். முதல் சுற்றில் முன்னால் வந்துகொண்டிருந்தவர், குழியில் இறங்கினார், நின்றார், குனிந்தார், தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டார், பிறகு ஓடினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றிலும் அதே. ஏழு முறையும் அதே. சாருக்கு, வேலிக்கு வெளியே நின்று கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கொண்டது.

முடிந்ததும் சார் கேட்டார்: "ஏளா, அது என்ன கடலா? குழாத் தண்ணிளா அது!"

"தண்ணிதான சார்?"

"நாங்கள்லாம் சிலுவ போடாமத்தான் தெனமும் குளிக்கோம். செத்தா போயிட்டோம்?"

"நீங்க வாளியிலல்லா குளிக்கிய, சார்."

சார் முடிவுப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஏழு முறை நின்று, குனிந்து, சிலுவை போட்டும் அக்கா இரண்டாவதாக வந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. நான் அப்போது சின்னப் பையன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியது மட்டும் நினைவிருக்கிறது. மீதியை அப்பா சொல்லக் கேட்டேன். ஓட்டம் தொடங்குமுன் ஏழு முறைக்கும் சேர்த்து ஒரே சிலுவையாகப் போட்டுவிட்டால் என்ன என்று சார் கேட்டார். அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அப்பாவிடம் கேட்டுக்கொள்வோம் என்று நினைத்தார். அப்பா ஒரு நாளில் எத்தனையோ முறை கடலுக்குள் முங்கி எழுபவர் அல்லவா!

"எப்பா, நீங்க ஒவ்வொரு முங்கலுக்கும் சிலுவ போடுவியளா?"

"காலையில மொத எறக்கத்துக்கு ஒண்ணுதான் மக்கா. அதுக்கப்புறம் காலு கர மண்ணத் தொடுத வரைக்கும் அது ஒரே எறக்கந்தான்."

"எனக்கு ஒவ்வொரு சுத்துலயும் காலு மண்ணத் தொடுதே."

அப்பா தலையைச் சொறிந்தார். "அப்பம் ஒவ்வொரு சுத்துக்கும் போட வேண்டியதுதான்" என்றார்.

சார் விடவில்லை. அக்காவையும் அம்மாவையும் எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியிடம் கூட்டிக்கொண்டு போனார். சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது திருச்சபைச் சட்டம் ஒன்றும் இல்லை, மனதில் நினைத்தாலே போதும் என்றார். வெளியே வந்ததும் அம்மா, "சாமியாருக்கு என்ன தெரியும்? அவரு என்னைக்காவது வள்ளம் தள்ளுனாரா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அக்காவும் போடாமல் இருந்து பார்த்தார். குழியில் இறங்கும்போது கையை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினார். கை கீழே போகவில்லை, ஆனால் கால் தடுமாறியது. கையை அடக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே அடுத்த தடையைத் தவறவிட்டு முகம் குப்புற விழுந்தார். தாடையில் தையல் போட்டார்கள். அந்தத் தழும்பை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு அக்கா கண்டுபிடித்ததுதான் அவரை ஒலிம்பிக் வரை கொண்டுபோனது. தண்ணீரில் கால் பட்டால்தானே சிலுவை? காலே நனையாமல் முழுக் குழியையும் தாண்டிவிட்டால்?

சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படித் தாண்டுவதற்கு அதிகப் பலம் வேண்டும். தடையின் மேலிருந்து காய்ந்த தரையில் குதித்தால் முழங்கால் கெட்டுப்போகும். போகப் போகக் கால் ஓய்ந்து கடைசிச் சுற்றில் எப்படியும் தண்ணீரில்தான் விழ வேண்டும். அவர் சொன்ன மூன்றும் பிற்பாடு நடந்தன. ஆனாலும் அக்கா கேட்கவில்லை. பழுது பார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, அலை வந்து மேலேறும் நேரம் பார்த்து, ஈரத்தைத் தாண்டிக் காய்ந்த மணலில் குதிப்பார். விடியற்காலையில் வலை இழுக்க வந்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

"கடக்கரையில பெறந்துட்டு காலு நனையக் கூடாதுன்னு நெனைக்கவள இப்பந்தாம்ளா பாக்கேன்!"

"சிரிங்க மாமா, சிரிங்க. டிவியில வரும்போது எங்க மருமவதான்னு சொல்லிட்டு வருவியள்லா, அப்பம் பாத்துக்கிடுதேன்."

வலை இழுக்க வந்த அந்தத் தெருக்கார மாமா பிற்பாடு அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்துக்குள் குழியைத் தாண்டுவதில் இந்தியாவில் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஈரக் காலணியோடு ஓடுவார்கள். அக்கா காய்ந்த காலோடு முன்னால் போவார். தேசியப் போட்டியில் தங்கம் வாங்கினார். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறி ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் மாதம் ஊருக்கு வந்தபோது எனக்குப் புத்தகப் பை, ஜியோமெட்ரி பாக்ஸ், மழைச்சட்டை எல்லாம் வாங்கி வந்தார். தூத்துக்குடியில் மழைச்சட்டை எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "மழ பெஞ்சா பள்ளிக்கூடம் போகலன்னு சொல்லுவான், அதுக்குத்தான்" என்றார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "மாப்பிள்ளைய என்கூட ஓடச் சொல்லுங்க, முந்துனா கட்டிக்கிடுதேன்" என்பார். ஒருவரும் வரவில்லை.

பிறகு அந்த ஒலிம்பிக். பெரிய மைதானத்தில் நம் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு அக்கா நின்றதை எங்கள் தெரு முழுவதும் கோயில் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தது. அம்மா கையில் செபமாலை. அது முதற்கட்ட ஓட்டம். அதில் முன்னால் வருகிற சிலர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். நம் கரையிலிருந்து அதுவரை யாரும் போய் நிற்காத இடம் அது.

முதல் குழியை அக்கா தாண்டினார். கால் காய்ந்த தரையில் விழுந்தது. "நனையல!" என்று மண்டபமே கத்தியது. அடுத்த குழியிலும் "நனையல!" ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கூடிக்கொண்டே போனது. அக்கா முன்னால் போகும் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடினார். கடைசிச் சுற்று மணி அடித்தபோது, இப்படியே போனால் இறுதிச் சுற்று நிச்சயம் என்கிற இடத்தில் இருந்தார்.

கடைசிக் குழி வந்தது. முதலில் ஓடியவள் குழியைத் தாண்டியதும் கேமரா அவளோடு போய்விட்டது. அக்காவைக் காட்டவில்லை. மறுபடியும் காட்டியபோது இரண்டு பேர் அக்காவை முந்தியிருந்தார்கள். அக்காவின் வலது கை மார்பிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து கீழே முழுக்க ஈரம். அந்த இரண்டு இடத்தில்தான் இறுதிச் சுற்று போனது.

அன்றைக்கு ஆரம்பித்த பட்டிமன்றம் எங்கள் தெருவில் இன்னும் முடியவில்லை. வழுக்கி விழுந்து எழுந்தார் என்று ஒரு கட்சி. கால் நனைந்ததும் பழக்க தோஷத்தில் நின்று சிலுவை போட்டார், அதில்தான் போனது என்று இன்னொரு கட்சி. அந்த ஓட்டத்தைக் கைப்பேசியில் நானும் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அக்கா குழிக்குள் இருக்கும் நேரம் எந்தப் படத்திலும் இல்லை. கை இறங்குவது மட்டும் தெரிகிறது.

அக்காவைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். சாரிடம், "வழுக்கிருச்சு சார்." பத்திரிகைக்காரர்களிடம், "அடுத்த தடவ நல்லா ஓடுதேன்." தெருக்காரர்களிடம், "கேமராக்காரன்ட்டப் போயி கேளுங்க." என்னிடம், "உனக்குப் பரீட்ச எப்பம்?"

அம்மா மட்டும் கேட்கவே இல்லை.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரே கேட்கிற கேள்வியைப் பெற்ற தாய் ஏன் கேட்கவில்லை? கொஞ்ச நாள் போன பிறகுதான் வேறொன்றைக் கவனித்தேன். நான் கரைக்குப் போய்விட்டு வந்தாலும், அப்பா கடலிலிருந்து வந்தாலும், "சிலுவ போட்டியா?" என்று அம்மா கேட்பது நின்றுபோயிருந்தது. ஒரு நாள் அப்பாவோடு ஏதோ சண்டையில் அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"எம் நாக்க அறுத்துப் போடணும். சாரு சொன்னாரு, சாமியாரு சொன்னாரு, நாந்தான் விடாம நின்னேன். எம் பிள்ளைய நாந்தான் தோக்கடிச்சேன்."

"ஏளா, ஓடுனது அவ. நீயா ஓடுன?" என்றார் அப்பா.

அடுத்த ஒலிம்பிக்குக்கு அக்கா பழகத்தான் செய்தார். ஆனால் சார் சொன்னபடியே முழங்கால் விட்டுவிட்டது. இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. ரயில்வே வேலையைத் தொடர்ந்து பார்த்தார். ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். நான் பட்டம் வாங்கிய நாளில் என்னைவிட முன்னால் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த வருடம் இரத்தத்தில் நோய் என்று தெரிந்தது.

மருத்துவமனையில் அக்காவைப் பகலில் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம். கடைசி வாரத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா ஈரத்துணியால் அக்காவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை. துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"ஏளா, அன்னைக்கி நெசமாவே வழுக்குச்சா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"வழுக்குச்சும்மா."

"மாதா மேல சத்தியமா சொல்லு."

அக்கா மறுபடியும் என்னைப் பார்த்தார். பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்றும் நினைத்தேன்.

"சத்தியமா வழுக்குச்சு. அதுக்கு மேல காலு எழும்பல, தண்ணிக்குள்ள போயிட்டேன். கைய ஊனித்தான் எந்திரிச்சேன். கை தண்ணிக்குள்ள போயிருச்சுல்லா? போன கைய சும்மா எடுக்க மனசு வரலம்மா. எந்திரிச்சு ஓடும்போதே நெத்தியில தொட்டுக்கிட்டேன். நிக்கவே இல்ல."

"நிக்கலியா?"

"நிக்கல."

"பெறவு ஏம்ளா தோத்த?"

"கடைசியா என்னைய முந்துனவ என்னைய விட நல்லா ஓடுனா. அதாம்மா."

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டார். இத்தனை வருடமும் அந்த ஓட்டத்தில் அக்காவும் தானும் மட்டுமே இருந்ததாக அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வேறொருத்தியும் ஓடினாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புதிதாகத் தெரிந்ததுபோல் இருந்தது.

"அவ எந்த ஊருக்காரி?"

"ஆப்பிரிக்கா. மல ஊரு. அவ நாட்டுல கடலே கெடையாதும்மா."

"கடலே இல்லியா?" அம்மாவின் குரலில் உண்மையான ஆச்சரியம். "பெறவு தண்ணிக்குள்ள குதிக்க எங்கன கத்துக்கிட்டா?"

"நானும் அதத்தான் கேக்கணும்னு நெனச்சேன். ஓட்டம் முடிஞ்சதும் வந்து என்னையக் கட்டிப்பிடிச்சா. பாஷ தெரியல, விட்டுட்டேன்."

"கேட்டுட்டு வந்திருக்கலாம்லாளா."

"அதாம்மா, கேட்டிருக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு அக்கா ஆறு நாள் இருந்தார். அந்த ஆறு நாளும் அம்மா ஆப்பிரிக்காவைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே ஆறு உண்டா, குளம் உண்டா, அங்கே என்ன மீன் சாப்பிடுவார்கள் என்றெல்லாம். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைக் கைப்பேசியில் பார்த்துச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். உயிர் போகும்போது அம்மாவின் கை அக்காவின் நெற்றியில் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவும் பகலும் பார்த்த மருத்துவர்களுக்கும், அக்காவை "சாம்பியன்" என்றே கூப்பிட்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற ரயில்வே நண்பர்களுக்கும், அடக்கத்தன்று கடலுக்குப் போகாமல் இருந்து அக்காவைத் தோளில் சுமந்த எங்கள் தெருவுக்கும், வாரம் தவறாமல் நாசரேத்திலிருந்து பேருந்து ஏறி வந்து அக்காவோடு சண்டை போட்டுச் சிரிக்க வைத்த ஜெபராஜ் சாருக்கும், ஆறுதல் சொன்ன பங்குச் சாமிக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்கெடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயரையாவது விட்டிருந்தால் அது என் எழுத்தின் குறை, மனதின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை எழுதி முடித்து அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். தன் நாக்கைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். பிறகு, "இருக்கட்டும், எழுது" என்றார். கடைசியாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், சேர்க்கிறேன். நம் சொந்தத்தில் கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், நான்கு நாடுகளைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். கடல் இல்லாத ஊரில் அந்தப் பெண் எங்கே, எந்தத் தண்ணீரில் குதித்துப் பழகியிருப்பாள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், நினைவுத் திருப்பலி முடிந்து சாப்பிட உட்காரும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போங்கள். தன் பக்கத்து இலையைக் காலியாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்.